லாரி டியூப்பில் மீன் பிடித்தோம்

(பத்தாம் வகுப்பு மாணவி)

கோடை விடுமுறை வந்துவிட்டால் நம் பள்ளித் தோழியர் சிலர் ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் போவர். சிலர் சென்னையில் உள்ள பெரியப்பா வீட்டுக்குச் சென்று கடற்கரையையும் பொருட்காட்சியையும் கண்டு வருவர். எங்களுக்கு வாய்த்ததோ கழி. கழி என்றவுடன் ஆசிரியையின் மேசைமேல் இருக்கும் கம்பை நினைத்து யாரும் அஞ்ச வேண்டாம். கடல் நீர் நிலத்துக்குள் புகுந்து தங்கும் உப்பங்கழியைத்தான் சொல்கிறோம். அங்கே நாங்கள் படகிலும் போகவில்லை, கட்டுமரத்திலும் போகவில்லை. லாரி டயருக்குள் இருக்கும் கறுப்பு ரப்பர் டியூப்பின்மேல் அமர்ந்து மீன் பிடித்தோம். "டியூப்பிலா?" என்று வகுப்பில் எல்லாரும் வியந்து கேட்டபடியால், அந்த அனுபவத்தை நம் ஆண்டு மலருக்கு எழுதுகிறோம். அக்காள், தங்கை, தம்பி ஆகிய மூவரும் சேர்ந்து கண்டதையும் செய்ததையும் ஒருவர் மட்டும் தமதாகச் சொல்லிக்கொள்வது முறையன்று. ஆகவே கட்டுரை முழுவதும் 'நாங்கள்' என்றே வரும்.

எங்கள் ஊர் பெருமுக்கல். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் உள்ளது. ஊருக்கு அழகு மலை. மலைமேல் பழைய சிவன் கோயிலும் சிதைந்த கோட்டையும் உண்டு. சாலையோரத்தில் அப்பா பஞ்சர் கடை வைத்திருக்கிறார். மரக்காணத்தில் மூவாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட உப்பளங்கள் இருப்பதால், உப்பு மூட்டை ஏற்றிய லாரிகள் எங்கள் கடையைக் கடந்துதான் போகும். டியூப்பைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடிப்பது எங்கள் மூவருக்கும் சிறு வயது முதலே விளையாட்டு. ஒட்டுமேல் ஒட்டுப் போட்டு இனி லாரிக்கு உதவாது என்று ஓட்டுநர்கள் விட்டுப்போகும் டியூப்களை அப்பா எறிவதில்லை. அவற்றில் நல்லவையாகப் பார்த்து மாமாவுக்கு எடுத்து வைப்பார்.

மாமா என்பவர் அம்மாவின் தம்பி. கழியோரத்தில் உள்ள குப்பத்தில் இருக்கிறார். எங்கள் தாத்தா கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை அந்தக் கட்டுமரத்தை உடைத்துவிட்டது. அதன் பிறகு குடும்பத்துக்குச் சொந்தமாக மரமும் இல்லை, படகும் இல்லை. மாமா பிறர் விசைப்படகில் பங்குக்குப் போகிறார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக அரசு செய்துள்ள ஏற்பாடு அது. மீனவர் குடும்பங்களுக்கு நிவாரணத் தொகையும் வழங்குகிறார்கள். ஆயினும் இரண்டு மாதமும் அடுப்பு எரிய வேண்டுமே! அந்த நாட்களில் மாமா லாரி டியூப்பை எடுத்துக்கொண்டு கழியில் இறங்குகிறார். எங்கள் கோடை விடுமுறையும் மாமாவின் தடைக்காலமும் ஒரே நேரத்தில் வருவது எங்கள் நல்வாய்ப்பு. "உங்களுக்கு லீவு வுட்டா எனக்கும் லீவுதான்" என்று மாமா சிரித்துக்கொண்டே சொல்வார்.

ஒன்பதாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் அப்பா, அம்மா, நாங்கள் மூவர் ஆக ஐவரும் மரக்காணம் பேருந்தில் ஏறினோம். பேருந்தின் கூரைமேல் காற்று இறக்கிச் சுருட்டிய இரண்டு டியூப்களும் எங்களுடன் பயணம் செய்தன.

கழியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். மரக்காணத்துக்கு மேற்கே கழுவெளி என்னும் பரந்த நீர்நிலை இருக்கிறது. மழைக்காலத்தில் சுற்றியுள்ள ஏரிகளின் உபரி நீரெல்லாம் அங்கே வந்து சேர்கிறது. அதைக் கடலோடு இணைப்பது எடையன்திட்டுக் கழி. பக்கிங்காம் கால்வாயும் மரக்காணம் வரை வந்து முடிகிறது. ஆகவே நன்னீரும் கடல் நீரும் அங்கே கலக்கின்றன. பழவேற்காட்டுக்கு அடுத்தபடி தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர்ப் பரப்பு கழுவெளி என்பர். குளிர்காலத்தில் பூநாரை, கூழைக்கடா, உள்ளான் எனப் பறவைகள் ஆயிரக்கணக்கில் வருகின்றன. 2021ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அது ராம்சர் ஒப்பந்தத்தின் ஈரநிலப் பட்டியலிலும் இடம் பெற்றது. மாமா மீன் பிடிப்பது சரணாலயத்துக்குள் அன்று. கீழே, கடலை நோக்கிப் போகும் கழியில்தான். "பட்சிக்கு விட்டது பட்சிக்கு, நமக்கு விட்டது நமக்கு" என்பார் அவர்.

கழியின் வடகரையில், கடலோரமாக ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவர்கள் தெரிகின்றன. 1750ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த அக்கோட்டையை 1760ஆம் ஆண்டு ஆங்கிலேயர் பிடித்தனர். அதே ஆண்டு எங்கள் பெருமுக்கல் மலைக்கோட்டையும் ஆங்கிலேயர் வசமாயிற்று. அப்பா ஊரின் கோட்டையும் அம்மா ஊரின் கோட்டையும் ஒரே படையெடுப்பில் விழுந்தன என்று வரலாற்று ஆசிரியை சொல்லக் கேட்டு நாங்கள் வியந்தோம்.

தமிழாசிரியை சொன்ன செய்தி அதைவிட இனியது. கழிக்கு வடக்கே உள்ள பகுதிக்கு இன்றும் இடைக்கழிநாடு என்றே பெயர். சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவர். அந்நூலின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்டது ஓய்மாநாடு. அவனுடைய கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதி. அந்நூலில் வரும் எயிற்பட்டினம் மரக்காணமே என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர். அங்கே பாணர்களுக்குச் சுட்ட மீன் கொடுத்து விருந்தோம்பினார்களாம். நாங்கள் போய் இறங்கிய மாலையில் அத்தையும் விறகடுப்பில் மீன் சுட்டுத்தான் தட்டில் வைத்தார். அத்தை சிறுபாணாற்றுப்படை படித்ததில்லை. படிக்காமலே அந்த வழக்கம் அவர் கைக்கு வந்திருக்கிறது!

இனி, டியூப் எப்படி மிதவை ஆகிறது என்பதைக் கூறுவோம். முதலில் அப்பா டியூப்பில் காற்றடித்து, தொட்டியில் முக்கிச் சோதிப்பார். காற்றை விம்ம விம்ம அடிக்கக் கூடாது. வெயில் ஏறினால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து பழைய ஒட்டுப் பிய்ந்துவிடும். கையால் அழுத்தினால் சற்றே அமுங்க வேண்டும், அதுதான் பதம். பிறகு நைலான் கயிற்றால் டியூப்பைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, நடுவில் உரச்சாக்கை மடித்து இருக்கையாகப் பின்னுவார்கள். வால்வு உடம்பில் கீறாதபடி துணி சுற்றி உள்பக்கம் திருப்பப்படும். உட்கார்ந்தால் இடுப்புவரை தண்ணீரில் இருக்கும். கால்கள் தொங்கும். துடுப்பு இல்லை. இரண்டு கைகளிலும் செருப்பளவு பலகையை வார் போட்டு மாட்டிக்கொண்டு, வாத்தைப் போலத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். நிற்க வேண்டிய இடத்தில் கயிற்றில் கட்டிய கல்லை இறக்கினால் அதுவே நங்கூரம். பிடித்த மீனுக்கு வலைப்பை ஒன்று பக்கத்தில் நீரில் தொங்கும். மீன் உயிரோடு இருக்கும்.

ஆர்க்கிமிடீசு விதியைப் பாடமாகப் படித்தபோது வராத தெளிவு அங்கே வந்தது. பெரிய லாரி டியூப் ஒன்று நூறு லிட்டருக்குக் குறையாத இடத்தை அடைக்கும். முழுவதும் அமுங்கினால் அவ்வளவு நீரை விலக்கும். ஆகவே நூறு கிலோ எடையைத் தாங்கும். கடல் நீர் இன்னும் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். ஒரு கன மீட்டர் நன்னீரின் எடை 1,000 கிலோ என்றால், கடல் நீரின் எடை ஏறத்தாழ 1,025 கிலோ. எங்கள் ஊர்க் கிணற்றில் மூழ்கும் பிள்ளை உப்பு நீரில் எளிதாக மிதப்பது அதனால்தான். அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காகவே இத்தகைய மிதவை வளையங்களைக் கடையில் விற்கிறார்களாம். இடுப்பளவு ரப்பர் கால்சட்டையும், கால்களில் தவளைக்கால் போன்ற தகடும் அணிந்து, பின்பக்கமாக நீந்தி மீன் பிடிப்பார்களாம். கியூபாவின் தலைநகரான ஹவானாவிலோ படகு இல்லாத ஏழைகள் எங்கள் மாமாவைப் போலவே பழைய டியூப்பில் கடலில் இறங்குகிறார்கள். பொருள் ஒன்றுதான். ஒருவருக்கு அது விளையாட்டு, ஒருவருக்கு உலை.

மாமாவின் டியூப்பில் நாங்கள் கண்ட புதுமை ஒன்று உண்டு. மூடியை இறுக்கி மூடிய ஐந்து லிட்டர் எண்ணெய் கேன்கள் நான்கை நான்கு பக்கமும் கட்டியிருந்தார்கள். "எதுக்கு மாமா, மீன் எண்ணெய் புடிக்கவா?" என்று தம்பி கேட்டான். அப்பாதான் பதில் சொன்னார். "டியூப்புன்றது ஒரே அறை. ஒரு ஓட்டை விழுந்தா மொத்தமும் போச்சு. தண்ணியில எறங்குறவன் ஒரே காத்த நம்பக் கூடாது." பஞ்சர் கடைக்காரர் சொல்லும் சொல் அல்லவா? அன்று அதை நாங்கள் பெரிதாக எண்ணவில்லை.

டியூப்பில் யார் போவது என்ற கேள்வி முதல் நாளே எழுந்தது. தம்பியை மாமா உடனே கூப்பிட்டார். எங்களைப் பார்த்து ஆயா, "பொம்பளப் புள்ளைங்க கரையில குந்திக்கினு பாருங்க, போதும்" என்றார். முகம் வாடி நின்றோம். அத்தை அடுப்பை ஊதிக்கொண்டே திரும்பாமல் சொன்னார்: "தண்ணிக்கு ஆம்பள பொம்பள தெரியாதுங்க அத்தை. நீஞ்சத் தெரிஞ்சவங்களா, தெரியாதவங்களான்னு மட்டுந்தான் தெரியும்." பிறகு எங்களைப் பார்த்து, "நீஞ்சுவீங்களா?" என்று கேட்டார். எங்கள் ஊர்ப் பம்புசெட்டுக் கிணற்றில் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகியவர்கள் நாங்கள். ஆனால் தம்பிக்கு இன்னும் குடுக்கை இல்லாமல் நீந்த வராது! ஆகவே அத்தையின் சட்டப்படி நாங்கள் டியூப்பில் ஏறினோம். தம்பி கரையில் நின்று தூண்டிலுக்கு இரை கோத்தான். ஆயா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை எங்கள் பாவாடையைத் தார்ப்பாய்ச்சுப்போல் இழுத்துச் செருகிக் கட்டிவிட்டவர் அவரே.

மீன் பிடிக்க முதலில் படிக்க வேண்டிய பாடம் தண்ணீரின் நேரம். கழியில் ஒரு நாளில் இருமுறை நீர் ஏறும், இருமுறை வற்றும். மறுநாள் அதே ஏற்றம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளி வரும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஏற்றமும் அதிகம், வற்றமும் வேகம். ஏற்றத்தோடு மீன் கழிக்குள் மேய வரும். வற்றம் தொடங்கினால் திரும்பும். மாமாவிடம் கைக்கடிகாரம் இல்லை. கரையில் நட்டிருக்கும் பழைய பனைக்கட்டையில் ஈரக்கோடு எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். அதுதான் அவர் கடிகாரமும் காலண்டரும்.

தங்கூசி நரம்பில் முள்ளும் சிறு ஈயமும் கட்டி, தோல் உரித்த இறாலைக் கோத்து இறக்குவோம். கோல் கிடையாது. நரம்பை விரலில் சுற்றிக்கொண்டு காத்திருக்க வேண்டும். கிழங்கான் 'டொக் டொக்' என்று இரண்டு முறை தட்டும். நண்டு இரையைத் தின்னும்போது நரம்பு மெல்லக் கனக்கும், இழுத்தால் விட்டுவிடும். மடவை தூண்டிலுக்கு எளிதில் வராது, வலைக்குத்தான் வரும். கெளுத்தி வந்தால் தொடவே கூடாது. அதன் முதுகிலும் பக்கங்களிலும் உள்ள முள் குத்தினால் கை வீங்கிக் கடுக்கும். மாமா துணியால் பிடித்துத்தான் முள்ளைக் கழற்றுவார். கொடுவா வந்தாலோ திருவிழாதான். அது கிடைத்தால் ஒரு வாரச் செலவுக்கு ஆகும் என்பார். விரல் நீளக் குஞ்சு எது வந்தாலும் திருப்பி விட்டுவிட வேண்டும் என்பது கட்டளை. "இன்னிக்குக் குஞ்சைத் தின்னா ஐப்பசியில எதைத் தின்னுவே?" என்று கேட்பார்.

நாங்கள் மிதந்துகொண்டிருக்கும்போது அத்தையும் இருளர் குடும்பத்துப் பெண்கள் சிலரும் கரையோரச் சேற்றில் குனிந்து, கையாலேயே தடவி இறால் பிடிப்பார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. ஓலையால் முடைந்த பறியின் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரு கைகளையும் சேற்றுக்குள் விட்டு, இறால் துள்ளும் முன் அமுக்கிவிடுவார்கள். நாங்கள் ஒரு மணி நேரம் முயன்று இரண்டு இறால் பிடித்தோம். அதற்குள் அவர்கள் பறிகள் பாதி நிறைந்துவிட்டன. வகுப்பில் முதல் வரிசையில் உட்காருகிறவர்களுக்கு அது நல்ல பாடம். கையறிவும் ஓர் அறிவுதான், அதற்கும் பல ஆண்டுப் படிப்பு வேண்டும்.

மற்றொன்றையும் கவனித்தோம். அத்தை சேற்றில் நாலைந்து முறை தடவியதும் ஒரு முறை நிமிர்வார். நிமிரும்போதெல்லாம் கழியின் நடுவே மாமாவின் டியூப் இருக்கும் பக்கம் பார்ப்பார். மறுபடி குனிவார். முதுகு வலிக்காகத்தான் நிமிர்கிறார் என்று முதலில் எண்ணினோம்.

அவ்வாறு மூன்று வாரம் கழிந்தது. வைகாசிப் பௌர்ணமியை ஒட்டிய ஒரு காலை. ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்கும் வேளை. நாங்களும் தம்பியும் கரையில் இருந்தோம். மாமா மட்டும் டியூப்பில் இருந்தார். நாங்கள் வந்த நாள் முதல் அப்பா ஒரு வழக்கம் ஏற்படுத்தியிருந்தார். டியூப்பில் இருநூறு அடி நைலான் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கரையில் பனைக்கட்டையில் கட்டி, அருகே ஓர் ஆள் நிற்க வேண்டும். மாமாவுக்கு அது சற்று நாணம். "கன்னுக்குட்டி மாரி கட்டிப் போடுறீங்களே மாமா" என்று அப்பாவிடம் சொல்வார். ஆனாலும் மறுக்கவில்லை.

அன்று மாமாவின் நரம்பு வெடுக்கென்று இழுபட்டது. கொடுவாதான். இரண்டு மூன்று கிலோ இருக்கும், தண்ணீருக்கு மேலே ஒரு முறை வெள்ளியாகப் புரண்டது. நாங்கள் கைதட்டினோம். மீன் பழைய கல்தூண் பக்கம் ஓட, மாமாவும் கல்லை எடுத்துவிட்டு அதன் பின்னே போனார். தூண் முழுவதும் சிப்பி ஒட்டியிருந்தது. சிப்பியின் விளிம்பு சவரக் கத்தி போன்றது. 'புஸ்' என்ற சத்தம் கரைவரை கேட்டது. எங்களுக்குப் பழகிய சத்தம் அது. கடையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஆனால் தண்ணீரின் நடுவே கேட்டது அன்றுதான்.

டியூப் ஒரு பக்கம் துவண்டது. மாமா மார்புவரை இறங்கினார், பிறகு கழுத்துவரை. நீந்தத் தெரிந்தவர்தான். ஆனால் கட்டிய கயிறுகளும் சாக்கும் காலைச் சுற்றிக்கொண்டன. வற்ற நீர் கடலை நோக்கி இழுத்தது. அந்த நான்கு கேன்கள் மட்டுமே அவரை மேலே வைத்திருந்தன. தம்பி அழத் தொடங்கினான். அத்தை சேற்றிலிருந்து நிமிர்ந்ததையும், பறி வாயிலிருந்து விழுந்ததையும் பார்த்தோம். அப்பாவும் அத்தையும் நாங்களும் ஒரே நேரத்தில் கயிற்றைப் பிடித்தோம். நேரே இழுக்கப் பார்த்தோம். நீரின் வேகத்துக்கு எதிராகக் கயிறு அசையவில்லை. மாமாவின் தலை ஒரு முறை உள்ளே போய் வந்தது. "எதிர்த்து இழுக்காதீங்க! கயித்த வுடாம தண்ணி போற பக்கம் நடங்க!" என்று அத்தை கத்தினார். கயிற்றைக் கட்டையிலிருந்து அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, கரையோரமாகவே கீழ்நோக்கி நடந்தோம். நடக்க நடக்க, ஊஞ்சல் ஒரு பக்கம் சாய்வதுபோல், டியூப் வளைந்து வளைந்து கரைப்பக்கமாக ஒதுங்கி வந்தது. எந்த நீர் அவரைக் கடலுக்கு இழுத்ததோ, அதே நீர்தான் கயிறு இருந்ததால் அவரைக் கரைக்குத் தள்ளியது. எங்கள் உள்ளங்கைத் தோல் உரிந்ததை மாமா கரையேறிய பிறகுதான் உணர்ந்தோம்.

கொடுவா போய்விட்டது. மாமா சேற்றில் மல்லாந்து படுத்துக் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். அத்தை ஒரு சொல்லும் சொல்லாமல் அவர் காலில் சுற்றிய கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். பிறகு, விழுந்த பறியிலிருந்து தப்பிய இறால்களைத் தேடிப் போய்விட்டார். அன்று மாலைக் குழம்புக்கு அந்த இறால்தான்.

இரவு விளக்கடியில் அப்பா டியூப்பை மடியில் வைத்துக்கொண்டு ஒட்டினார். கிழிசலைச் சுற்றி அரத்தால் சுரண்டி, சொலூசன் தடவி, காய விட்டு, ஒட்டை வைத்துத் தட்டினார். சிறிது நேரம் கழித்து, "நாங்க ஊருக்குப் போனப்புறம் யாரு கயிறு புடிப்பா?" என்று கேட்டார். மாமா பதில் சொல்லவில்லை. அத்தைதான் சொன்னார்: "போன வருசம் வரைக்கும் யாரு புடிச்சாங்க? நான் பார்த்துக்கினு இருப்பேன், அவ்ளோதான்." அப்போதுதான் அவர் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்ததன் பொருள் எங்களுக்கு விளங்கியது. அத்தனை ஆண்டும் மாமாவுக்கும் கரைக்கும் இடையே இருந்த கயிறு அத்தையின் கண்தான். ஆனால் பார்க்கும் கண்ணால் இழுக்க முடியாது. விடியுமுன் இருட்டில் மாமா போகும் நாட்களில் பார்க்கவும் முடியாது. நாங்கள் மூன்று வாரம் சிரித்துக் களித்த அதே இடத்தில், மற்ற நாட்களில் ஒருவர் தனியாக, கயிறில்லாமல், நான்கு எண்ணெய் கேன்களை நம்பிக் குடும்பத்துக்குச் சோறு தேடுகிறார் என்பது அன்றிரவு எங்களைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் பெரியவர்கள் கூடிப் பேசி மூன்று காரியம் செய்தார்கள். முதலாவது, பெரிய டியூப்பின் கீழே காற்றடித்த இரண்டு ஸ்கூட்டர் டியூப்களைச் சாக்குக்குள் வைத்துக் கட்டினார் அப்பா. ஒன்று போனாலும் இன்னும் இரண்டு தனித்தனிக் காற்று இருக்கும். இரண்டாவது, காலில் சுற்றாதபடி இருக்கைக் கயிறுகளை ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாக மாற்றினார் மாமா. மூன்றாவதுதான் பெரிது. குப்பத்தில் டியூப்பில் போகும் இன்னொருவரிடம் பேசி, இனி இருவராகவே இறங்குவது, ஒருவர் கல் போட்டு நிற்கும்போதுதான் மற்றவர் நகர்வது, இருவர் டியூப்பையும் ஒரு கயிறு இணைப்பது என்று முடிவு செய்தார்கள். அதனால் மீன் சற்றுக் குறையும், பங்கும் இரண்டாகும். "பரவால்ல, ஆளு முழுசா இருக்கும்" என்றார் அத்தை. ஆயா தலையசைத்தார்.

எங்கள் கவலை முற்றும் தீர்ந்துவிடவில்லை. இப்போது டியூப் இல்லாத டயர்கள் பெருகி வருவதால், பழைய லாரி டியூப் எங்கள் கடைக்கு வருவதும் குறைந்து வருகிறது. டியூப் கிடைக்காதவர்கள் தெர்மாக்கோல் பலகைகளைக் கட்டி மிதக்கிறார்கள். அது உடைந்து உருண்டை உருண்டையாகக் கழியெங்கும் மிதந்து சேற்றில் புதைகிறது. மீனும் பறவையும் அதை இரை என்று எண்ணி விழுங்கும். பிழைப்புக்கும் கழிக்கும் கேடில்லாத ஒரு நல்ல மிதவையை எளியவர் வாங்கும் விலையில் யாரேனும் செய்து கொடுத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! நம் பள்ளியில் அறிவியல் படிக்கும் தோழியரே, நாளை நீங்கள் பொறியாளர் ஆகும்போது இதை நினைவில் வையுங்கள். உயிர்காக்கும் மேலங்கி ஒவ்வொரு டியூப் மீனவரிடமும் இருக்க வேண்டும் என்பதும் எங்கள் ஆவல்.

திருவள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தில், சுற்றத்தைப் பாதுகாப்பான புணைக்கு, அதாவது தெப்பத்துக்கு ஒப்பிட்டு, சினம் அந்தப் புணையையும் எரித்துவிடும் என்கிறார். அக்குறளை மனப்பாடப் பகுதியாக ஒப்பித்து மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். புணை என்றால் என்ன என்று உள்ளங்கை எரிய எரிய அறிந்தது அந்தக் கோடையில்தான். காற்று நிறைந்த ரப்பர் மிதவை ஒரு சிப்பி கீறினால் போய்விடும். அப்போது மிதக்க வைப்பது கயிற்றின் மறுமுனையில் நிற்கும் உறவு. அந்த உறவும் வாய்ச்சொல்லாக இருந்தால் போதாது. நேரத்துக்கு வந்து, கயிற்றைக் கையில் பிடித்து, நீரின் போக்கறிந்து நடக்க வேண்டும்.

இதைப் படிக்கும் தோழியர் யாரும் ஆசைப்பட்டுத் தனியே ஏரியிலோ கழியிலோ டியூப்போடு இறங்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைக்கு நீச்சல் எதற்கு என்று கேட்கும் பெற்றோர் இருந்தால், எங்கள் அத்தையின் சொல்லை அவர்களுக்குச் சொல்லுங்கள். சந்தையில் மீன் வாங்கும்போது விலையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுமுன், அந்த மீனுக்காக விடியற்காலை இருட்டில் யாரோ ஒருவர் இடுப்பளவு நீரில் மிதந்திருப்பார் என்பதை ஒரு கணம் நினையுங்கள்.

ஜூன் 15ஆம் நாள் மாமா மறுபடி விசைப்படகு ஏறினார். நாங்களும் பள்ளிக்கு வந்துவிட்டோம். அடுத்த தடைக்காலத்துக்காக அப்பா கடையில் இப்போதே நல்ல டியூப்கள் நான்கைத் தேர்ந்து ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். மாமாவுக்கும் அவர் கூட்டாளிக்கும் இரண்டு, மேலும் இரண்டு கைவசம். ஒவ்வொன்றோடும் ஒரு கயிறும் சுருட்டித் தொங்குகிறது. அந்தக் கயிறுகளை வாங்க நாங்கள் மூவரும் எங்கள் உண்டியலை உடைத்தோம்.